டெம்போ அனுப்ப வேண்டாம், பெரியப்பா

திருவண்ணாமலை,
ஆனி மாதம், பௌர்ணமி கழிந்த மறுவாரம்.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் எழில் பணிவுடன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நலத்தின் விலை மட்டும் ஏறியிருக்கிறது. அங்கே தாங்களும் பெரியம்மாவும் கறவை மாடுகளும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை நிற்பார். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அம்மா கவலைப்படுகிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் ‘ம்’, ‘சரிங்க பெரியப்பா’ என்ற இரண்டைத் தவிர நான் வேறெதுவும் சொன்னதில்லை. போன தடவையும் அப்படித்தான். ‘டவுன்ல இருந்து நீங்க கிழிச்சது போதும். ஆடி பொறந்துட்டா சாமான் மாத்தக் கூடாது, அதுக்குள்ள டெம்போ எடுத்துனு வரேன், எல்லாத்தையும் கட்டி வையுங்க. அரிசி இங்க இருக்குது, கீர கொல்லியில இருக்குது, அங்க இன்னா இருக்குது?’ என்று கேட்டீர்கள். நான் ‘சரிங்க பெரியப்பா’ என்றேன். அது பதில் இல்லை, பழக்கம். உண்மையான பதில் இதுதான்: இங்குள்ள கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு என் பெயர் பட்டியலில் வந்திருக்கிறது. ஹாஸ்டல் செலவு எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறிவிட்டது, நம்மால் ஆகாது. ஊரிலிருந்து வந்துபோகலாம் என்றால், நம் ஊருக்கான கடைசி பஸ் கடைசி வகுப்பு முடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. நாங்கள் வீட்டைக் காலி செய்தால் அந்த இடமும் காலி. எனவே தயவுசெய்து டெம்போ அனுப்ப வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

விலைவாசியைப் பற்றி நீங்கள் சொன்ன அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. தக்காளியை இப்போது கிலோவில் யாரும் கேட்பதில்லை, பழம் எண்ணித்தான் கேட்கிறோம். கடைக்காரரும் அதைக் கட்டிக்கொடுத்த பெண்ணை அனுப்புகிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார். டீ விலை ஏறவில்லையே என்று அப்பா சந்தோஷப்பட்டார், பிறகு பார்த்தால் கிளாஸ் சின்னதாகிவிட்டது. தெருமுனையில் பூ விற்கிற அம்மாவும் முழம் விலையை ஏற்றவே இல்லை. முழம் போடுவதற்குத் தன் சின்ன மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் கையால் அளக்கிறார். கேட்டால், ‘முழம்னா முழந்தான்மா. யாரு கைன்னு பேசினோமா?’ என்கிறார். அப்பாவுக்கு ஆட்டோவில் சவாரி கம்மியாகிவிட்டது. பேரம் பேச வருகிறவர்கள் பேசிக்கொண்டே கூட நடந்து, பேரம் படிவதற்குள் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ‘பெட்ரோல் இல்லாம சவாரி முடிஞ்சிச்சு, காசு மட்டும் வரல’ என்று வீட்டுக்கு வந்து சொல்வார்.

எங்கள் காம்பவுண்டு உங்களுக்குத் தெரியும். ரமணாசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதையைப் பார்த்த கேட். நான்கு போர்ஷனில் ஒன்றில் நாங்கள். பக்கத்தில் ஹைமவதி மாமியும், கோயிலில் குருக்களாக இருக்கும் அவர் கணவர் விஸ்வநாத் மாமாவும். எதிரில் அறிவுச்செல்வன் அண்ணன், தனி ஆள். நான்காவது போர்ஷனை ஓனர் சக்கரபாணி சார் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். அறிவுச்செல்வன் அண்ணனுக்குச் சந்தைக்குப் போய் விலை எழுதிக்கொண்டு வருகிற அரசாங்க வேலை. அதனால் எங்கள் காம்பவுண்டில் யாரும் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருக்க முடியாது. சாயங்காலம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, துக்கம் சொல்கிற குரலில் ‘கத்திரிக்கா ஏறிடுச்சுக்கா’ என்பார். அம்மா, ‘எப்போ?’ என்பாள். ‘காலையில. நான் பக்கத்துலதான் இருந்தேன்’ என்பார்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது. சிலிண்டர் வாங்கப் பணம் பிறகுதான் வரும் என்ற நிலைமை. அன்றைக்குத்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. ‘ஒரே காம்பவுண்டுல எதுக்கு இத்தினி அடுப்பு எரியணும்? ஒருத்தர் சோறு, ஒருத்தர் கொழம்பு, ஒருத்தர் தொட்டுக்க. வாளியில மாத்திக்கலாம்’ என்றாள். மாமி வாசல்படியில் நின்று தயங்கித் தயங்கி, ‘எங்காத்துல வெளிச் சமையல் புழங்கற வழக்கமில்ல பாஞ்சாலை, தப்பா எடுத்துக்கப்படாது’ என்றார். ‘அதெல்லாம் எடுத்துக்கல மாமி. எங்க வீட்ல உங்க சமையல் புழங்கும். அப்போ சோறும் ரசமும் நீங்களே ஆக்கிடுங்க’ என்றாள் அம்மா. அப்படியே முடிவானது. மாமி வீட்டில் சோறும் ரசமும், எங்கள் வீட்டில், சிலிண்டர் வரும்வரை விறகில், குழம்பு, பொரியல் அறிவுச்செல்வன் அண்ணன் பொறுப்பு. மாமி யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார், அண்ணன் கொண்டுவரும் பச்சைக் காய்கறியைத் தவிர. அண்ணன் சந்தை கலைகிற நேரத்தில் எது மலிவோ அதை மொத்தமாக வாங்கி வந்துவிடுவார். முதல் வாரம் முழுவதும் புடலங்காய். வார முடிவில் அப்பா தட்டைப் பார்த்து, ‘இதுக்குப் பேரு வச்சிட்டா வீட்லயே வளத்துக்கலாம்’ என்றார்.

அன்றைக்கு எவ்வளவு சோறு, என்ன குழம்பு, என்ன காய் என்று காலையில் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். படித்த பெண் சரியாகச் சொல்வாள் என்று. படித்ததற்கும் சொல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரு நாள் மாமி ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார், நடுவில் பேசக் கூடாதே என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அண்ணன் போனில் இருந்தார், அங்கேயும் திரும்பிவிட்டேன். அன்று மதியம் மாமி வீட்டிலிருந்து ரசம் வந்தது, சோறு நாங்கள் வைப்பதாக நினைத்து அவர் தங்களுக்கு மட்டும் வடித்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் குழம்புக்குக் காய் வராததால் ரசம். அண்ணன் தானாக முயற்சி செய்து ரசம் மாதிரி ஒன்று கொண்டுவந்தார். மாற்றிக்கொள்ளச் சோறு யார் வீட்டிலும் இல்லை. நாங்களும் அண்ணனும் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். ‘யாருக்காச்சும் சளி புடிச்சிருந்தா பிரயோஜனமா இருந்திருக்கும்’ என்றார் அப்பா. ஆனாலும் பெரியப்பா, இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு மூன்று வீட்டிலும் சிலிண்டர் கூடுதல் நாள் வந்தது. உண்மையாகவே சமாளித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் ஓனர் வந்தார். சக்கரபாணி சாரும் விலைவாசியால் அடிபட்டவர்தான், அதை அவரே சொல்வார். ‘பௌர்ணமிக்கு ஒரு ரூம விட்டா உங்க ஒரு மாச வாடக வந்துடுது பரசுராமா. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு மட்டும் கடக்காரன் இனாமா குடுக்கறானா? ஆடிக்குள்ள எல்லாரும் காலி பண்ணிடுங்க, மொத்தத்தையும் ரூமா மாத்தப் போறேன்’ என்றார். அந்த ராத்திரிதான் அப்பா உங்களிடம் ‘சரிண்ணா, வந்துடறோம்’ என்று போனில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த தகவலை அப்பாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று புரியாமல், தலையணைக்கு அடியில் போனை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

இனி பௌர்ணமி. அன்று தடுப்பு போட்டுவிட்டால் எங்கள் பக்கம் ஒரு வண்டி நகர முடியாது, கடைக்கும் போக முடியாது என்பதால் இரண்டு நாளுக்குத் தாங்குகிற மாதிரி மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் புளிசாதம் கிளறிவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். பெரியம்மா அனுப்பிய புளி இருந்தது. மாமிக்குத் தனியாக அவர் அடுப்பில். கேஸை மிச்சம் பிடிக்க, முற்றத்தில் விறகு மூட்டலாம் என்று பார்த்தால், ஓனர் காலையிலேயே முற்றம் முழுக்க வெளியூர்க் கார்களை நிறுத்த வாடகைக்கு விட்டிருந்தார். கல்லை வைக்கக்கூட இடமில்லை. வேறு வழியின்றி அம்மா கேட்டுக்கு வெளியே, பாதை ஓரமாகக் கல் கூட்டி, மாமி வீட்டுப் பெரிய அண்டாவை ஏற்றினாள். மதியம் கிளறி இறக்கியாகிவிட்டது, வேர்க்கடலை மட்டும் போட வேண்டும். ‘நாய் வாய் வச்சிடப் போவுது, இங்கயே நில்லு, கடலைய வறுத்துனு வந்துடறேன்’ என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில், ஒரு அண்டா புளிசாதத்துக்குப் பின்னால், கையில் கரண்டியோடு ஒருத்தி நின்றால் அதற்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெறுங்காலோடு நடந்து வந்த ஒரு பெரியவர் என் முன்னால் நின்று கையை நீட்டினார். ‘இது எங்க வீட்டுச் சாப்பாடுங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவர் அதற்குள் ‘அரோகரா’ என்றார். அதற்கு மேல் நான் எதைச் சொல்வது? ஒரு கரண்டி வைத்தேன். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்களுக்கும் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வரிசை தெருமுனை மாமரம் வரைக்கும் போயிருந்தது.

அம்மா கடலையோடு வந்தவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். ‘இன்னாடி பண்ணிக்கினு கீற?’ ‘கேட்டாங்கம்மா.’ ‘கேட்டா?’ என்று பல்லைக் கடித்தவள், வரிசையைப் பார்த்து எல்லோருக்கும் சிரித்தபடியே என் காதில், ‘கரண்டிய கவுத்தாப்புல புடி, கம்மியா போடு, இன்னும் ரெண்டு நாளு இருக்குது’ என்றாள். நான் கம்மியாகப் போட்டேன். அடுத்து ஒரு பெண் வந்தார், இடுப்பில் குழந்தை, இன்னொன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ‘காலையில வேலூர்ல டீ குடிச்சதுங்க, ஓட்டல்ல வாங்கற வெலையா இருக்குது’ என்றார். அம்மா என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். பிடுங்கி, நான் வைத்ததைப் போல இரண்டு பங்கு வைத்தாள், மேலே ஒரு கை கடலையும். அதற்குப் பிறகு கம்மி ஜாஸ்தி பேச்சே வரவில்லை.

அறிவுச்செல்வன் அண்ணன் வெளியே வந்து பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல், ‘ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க, தள்ளாதீங்க, சாதம் இருக்குது’ என்று வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷமாக விலை ஏறியதைச் சொல்லியே பழகியவர், ‘இருக்குது’ என்று சொல்லும்போது முகமே வேறு மாதிரி இருந்தது. கோயிலில் தன் முறை முடிந்து வந்த விஸ்வநாத் மாமா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘நிவேதனம் பண்ணாம அன்னதானமா?’ என்று வருத்தப்பட்டு, உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்து, மலையைப் பார்த்து ஒரு தடவையும் அண்டாவைப் பார்த்து ஒரு தடவையும் காட்டினார். உடனே ஹைமவதி மாமி ஒரு தட்டோடு வந்து அம்மாவின் எதிரில் நின்றார். அம்மா, ‘மாமி, இது நான் கிளறனதுங்க’ என்று நினைவுபடுத்தினாள். ‘கற்பூரம் காட்டினப்புறம் அது நீ கிளறினதா? பிரசாதமோன்னோ. வேண்டாம்னு சொன்னா பாவம்டி. கடலை தெரியற எடமா பாத்து வையி’ என்றார் மாமி. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பு எல்லாவற்றுக்கும் மாமா கற்பூரம் காட்டிவிடுகிறார்.

இந்தச் சமயத்தில்தான் சக்கரபாணி சார், எங்கள் போர்ஷனைக் காட்டுவதற்காக நெல்லூர்க் குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு வந்தார். கேட்டை மறித்து வரிசை நின்றதால் உள்ளே போக முடியவில்லை. அந்தக் குடும்பத்து மூத்த அம்மாள் சாதத்தை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டு, ‘இல்லு எவரிதி, வீடு யாருது, அன்னதானம் யாரு செய்றது?’ என்று பாதித் தெலுங்கில் கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துத்தான், நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். அப்பா முன்னால் வந்து, ‘எல்லாம் ஓனர் சாராலதாம்மா. அவரு முத்தத்துல காரு நிறுத்தலன்னா நாங்க இங்க வந்தே இருக்க மாட்டோம்’ என்றார். அப்பா உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மாளுக்கு முதல் வாக்கியம்தான் புரிந்தது. ‘இந்த வெலவாசியில இத்தன பேருக்கா? சால புண்ணியம் சாமி’ என்று சொல்லி, பெரியப்பா, அவர் ஓனரின் காலில் விழுந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிலரும் கும்பிட்டார்கள். ஒருத்தர் செல்போனில் படம் எடுத்தார். சக்கரபாணி சார் கையைத் தூக்கியபடி நின்றார், வேண்டாம் என்பதற்குத் தூக்கினாரோ, ஆசீர்வாதத்துக்குத் தூக்கினாரோ, தெரியவில்லை. முதலில் ஒன்றாக ஆரம்பித்து நடுவில் இன்னொன்றாக மாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் அண்டா காலி. இரண்டு நாள் சாப்பாடு போய்விட்டது, மாமியின் அடுப்பில் இருந்ததையும் சேர்த்துத்தான். அம்மா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். ‘நடங்க’ என்றார் அப்பா. எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு மலையைச் சுற்றக் கிளம்பினோம். ஒரு இடத்தில் சர்க்கரைப் பொங்கல், கொஞ்சம் தள்ளி எலுமிச்சை சாதம், அங்கிருந்து நடந்தால் சுண்டல், குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் சுக்குப் பால். இத்தனை வகை தன் கல்யாணத்தில்கூடப் போடவில்லை என்று அப்பா சொல்ல, ‘எங்கப்பா வீட்டு விருந்த இழுக்காம நடக்க முடியாதா?’ என்று அம்மா கேட்க, வெகுநாள் கழித்து இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அந்த நடையில்தான் கல்லூரித் தகவலை அப்பாவிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, போனைத் திருப்பித் தராமல் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் ஓனர் வந்தார். பின்னால் ஒரு ஆள் தலையில் அரிசி மூட்டை. சார் மீசையை ஒதுக்கியிருந்தார், பட்டையாக விபூதி. தன் தம்பி மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார், அதில் அவர் கை தூக்கியபடி நிற்கிறார். ‘சொந்தக்காரன்லாம் போன் பண்றான்’ என்றார். ‘அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே கிளறிடுங்கம்மா. அந்த நெல்லூரம்மா எண்ணெய் டின்னு அனுப்பறேன்னு சொல்லியிருக்குது. பேனர் ஒண்ணு சொல்லிட்டேன்.’ அப்பா மெதுவாக, ‘ஆடிக்குள்ள காலி பண்ணச் சொன்னீங்களே சார்’ என்றார். ‘ஏம்பா, அன்னதானம் நடக்கற எடத்த எவனாச்சும் காலி பண்ணுவானா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?’ என்று எங்களையே கோபித்துக்கொண்டார். வாடகையும் ஏற்றவில்லை. முற்றத்தில் கார் நிறுத்துவது மட்டும் நிற்காது என்றார், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சொல்லுங்கள் பெரியப்பா, இந்த நிலையில் நாங்கள் எப்படி வருவது? டவுனில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். விலை இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் தனித்தனியாக அதை எதிர்த்து நிற்க வேண்டியதில்லை என்று ஒரு வழி தெரிந்திருக்கிறது. நாளைக்குக் கல்லூரியில் போய்ச் சேருகிறேன், அப்பா ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். உங்கள் அன்பை நாங்கள் மறக்கவில்லை. டெம்போவுக்கு டீசல் போட்டு வீணாக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

பெரியவர்கள் இருவருக்கும் என் வணக்கம். மாடுகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் ஆசியை என்றும் விரும்பும்,
எழில்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அம்மா வந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா காலையிலேயே அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். தீவனமும் உரமும் ஏறிய ஏற்றத்தில் இரண்டு மாட்டை விற்றாகிவிட்டதாம், கிணற்று மோட்டார் கம்பிச்சுருள் எரிந்துபோய், திரும்பக் கட்டப் பணமில்லாமல் கிடக்கிறதாம், அரிசி இருக்கிறது, மற்ற எதுவும் வாங்க முடியவில்லையாம். எங்களை அழைத்துப் போக என்று டெம்போவைக் கொண்டுவந்து, ‘எங்கண்ணா போற, இங்கயே இருந்துடு’ என்று தம்பி வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்பதுதான் உங்கள் திட்டம் என்றும், அண்ணன்காரன் தானாக எப்படிக் கேட்பது என்று தவிக்கிறீர்கள் என்றும் பெரியம்மா சொன்னாராம். எனவே மேலே எழுதிய அனைத்தையும் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். டெம்போவோடு உடனே வாருங்கள், உங்கள் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் வாசலில் இறங்கினால் நீங்கள் நினைத்தபடியே சொல்லிவிடுவார். நான்காவது போர்ஷனுக்கு, தினம் படுக்கை விரிப்பு துவைக்கிற சோப்புச் செலவுக்கே வாடகை பற்றவில்லை என்று ஓனர் புலம்பிக்கொண்டிருந்தார். அதையே மாத வாடகைக்குத் தருவீர்களா என்று இப்போதே போய்க் கேட்டேன், யாருக்கு வேண்டும் என்றார். அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிறவர் என்று சொல்லியிருக்கிறது. அதை உண்மையாக்குவது உங்கள் பொறுப்பு, ஒரு மூட்டை போதும். பேனரில் தன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சக்திவேல்’ என்று உங்கள் பெயரைப் போட ஒப்புக்கொண்டார். அதெப்படி, பெரியம்மா பெயரும் வரவேண்டும், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சரி என்றார்.